அண்ணன் படங்களின் நான்கு மூலைகள்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைந்து, இன்று படையலுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர் எல்லோருக்கும் முதலில் ஒரு விளக்கம். அட்டையில் அண்ணனின் புகைப்படம் இல்லையே என்று கேட்பீர்கள். உள்ளே இருக்கிறது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் யாரோ எடுத்தது, கண் பாதி மூடியிருக்கும். அதைவிட நல்ல படம் எங்களிடம் இல்லை. ஊரெல்லாம் படம் போட்டுக் கொடுத்தவர் தன்னைப் படம் எடுக்கவிட்டதில்லை. அட்டையில் இருப்பது அவர் வரைந்த கடைசி ஓவியம். அதன் கீழ் ஓரத்தில் தெரியும் சேற்றுக் கறையைக் கம்ப்யூட்டரில் துடைத்துவிடட்டுமா என்று அச்சகத்துக்காரர் கேட்டார். கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அது எப்படி வந்த கறை என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன்னால் இன்னொரு காரியம் பாக்கி இருக்கிறது. அண்ணன் போன பிறகு ஒரு பத்திரிகையில் அவரைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது நான்கு வரி எழுதாதவர்கள். சரி, இப்போதாவது எழுதினார்களே. அதில், அண்ணன் தன் இளம் வயதில் வரைந்த ஒன்பது ஓவியங்களைத் தானே கூரையின் மேல் விரித்து வெயிலுக்கும் மழைக்கும் தின்னக் கொடுத்தார் என்றும், அப்படித் துணிந்து செய்த முன்னோடி அவர் என்றும் இருந்தது. கேட்டவர்களிடம் அண்ணனே அப்படித்தான் சொல்லிவந்தார். அது உண்மையில்லை. அந்த ஒன்பது படங்களையும் கூரைக்கு அனுப்பியது நான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இந்த மலரிலாவது எழுதிவைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அண்ணன் பெருநகர் கிராமத்துக் காலனியில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கு அடுத்து இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதற்குப் பிறகு தங்கச்சி நான். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சொந்த நிலம் கிடையாது. நைனா ஏர் ஓட்டவும் வரப்பு வெட்டவும் போவார். அம்மா நடவுக்கும் களைக்கும் போவார். செய்யாற்றுப் பக்கத்து நிலங்களில் அம்மா நடாத நிலம் ஒன்று இருந்தால் அது தரிசாகத்தான் இருக்கும்.

பள்ளியில் அண்ணன் கணக்கில் சுமார், தமிழில் சுமார், படத்தில் மட்டும் கை நிற்காது. அவர் காலத்தில் படித்த பாதிப் பேரின் அறிவியல் ரெக்கார்டு நோட்டில் இருக்கும் தவளை அண்ணன் போட்ட தவளைதான். அதில் இரண்டு பேர் இப்போது பெரிய உத்தியோகத்தில் இருக்கிறார்கள், இந்த மலரை வாசித்துக்கொண்டும் இருப்பார்கள், அதனால் பெயர் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சென்னைக்குப் போய் ஓவியம் படிக்கப்போவதாகச் சொன்னார். நைனாவுக்குப் புரியவில்லை.

"அஞ்சு வருசம் படிக்கணுமா? இப்பவே நல்லாத்தானே போடற? இன்னும் இன்னா கீது அதுல?"

"போய்ப் பாத்தாத்தான் தெரியும் நைனா" என்றார் அண்ணன். அரசு விடுதியில் இடம் கிடைத்தது. போனார்.

அங்கே போய் என்ன படித்தாரோ, விடுமுறைக்குக் கொண்டுவந்த படங்களைப் பார்த்து எங்களுக்கெல்லாம் திக்கென்றது. எண்ணெய் வண்ணத்தில், ஆள் உயரத் துணியில், வளைவு வளைவாகச் சிவப்பும் பழுப்பும். உற்றுப் பார்த்தால் நடவு நடும் பெண்கள் என்று தெரியும். வரிசையாக முதுகுகள், கீழே கலங்கிய தண்ணீர். ஒருத்திக்கும் முகம் கிடையாது. அம்மா மூக்கில் விரல் வைத்தார்.

"இன்னாடா இது, ஒருத்திக்குக்கூட மூஞ்சி இல்ல? இதுல நான் எவடா?"

"குனிஞ்சி நட்டுக்கினு இருக்கறப்போ மூஞ்சி எங்கம்மா தெரியுது? வரப்பு மேல நிக்கறவனுக்கு முதுவு மட்டும்தான் தெரியும்" என்றார் அண்ணன்.  மறுநாள் அம்மா பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூட்டிவந்து மூன்றாவது முதுகு தன்னுடையது என்று காட்டினார்.

படிப்பு முடிந்ததும் அண்ணன் இரண்டு நண்பர்களோடு சென்னையில் ஓர் அறையில் தங்கி வரைந்தார். மூவரின் படங்களையும் சேர்த்துக் கண்காட்சி வைப்பதாக ஒருவர் சொல்லியிருந்தார். அதற்குள் அறையைக் காலிசெய்ய வேண்டிவந்தது. அண்ணன் அதுவரை வரைந்ததில் தேறியவை ஒன்பது. அவற்றைச் சுருட்டிக் கோணியில் கட்டிப் பேருந்தில் கொண்டுவந்து, வீட்டு விட்டத்தில் தொங்கவிட்டார். "பத்திரம், எலி கடிக்காம பாத்துக்கோங்க, தை மாசத்துல வந்து எடுத்துக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். எலியைத்தான் சொன்னார். மழையை அவரும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை.

நான் அப்போது பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தேன். மகன் பிறந்து பத்தாம் நாள் மழை பிடித்தது. விடாத மழை. அந்த வருடம் கூரை மாற்றியிருக்கவில்லை, ஓலையெல்லாம் மக்கிப்போய் இருந்தது. முதல் நாள் ஒரு மூலையில் ஒழுகியது. இரண்டாம் நாள் வீட்டில் குழந்தையைப் போட ஒரு முறம் அளவுக்கு உலர்ந்த இடம் இல்லை. நைனாவும் அம்மாவும் மாறி மாறி முறத்தைக் குழந்தைக்கு மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைக்கு உடம்பு சில்லிட்டுப் போனது. அப்போது என் கண் விட்டத்துக்குப் போனது.

நைனா ஒத்துக்கொள்ளவே இல்லை. "வேணாம்மா. அது அவன் படிப்பு" என்றார். நான் கேட்கவில்லை. "படிப்பு பெருசா, புள்ள பெருசா?" என்று கத்தினேன். நானே முக்காலி போட்டு ஏறிக் கோணியை இறக்கினேன். ஒரு படத்தை விரித்து, அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். வண்ணம் பூசிய பக்கத்தில் தண்ணீர் நிற்காமல் ஓடியது. கயிறு கோக்க மூலையில் கோணி ஊசியால் குத்தினால் துணி கிழிந்தது. அதனால் கழுத்து சரியில்லாமல் கிடந்த என் பச்சை ரவிக்கையைக் கிழித்து, மடித்து, ஒவ்வொரு மூலையிலும் ஒட்டுப் போட்டுத் தைத்தேன். முப்பத்தாறு மூலைகள். "பச்ச ஒடம்புக்காரி ஊசி புடிக்காதடி, கண்ணு பூடும்" என்று அம்மா திட்டிக்கொண்டே இருந்தார். மாலைக்குள் நைனா ஒன்பதையும் கூரைமேல் விரித்துக் கட்டிவிட்டார். வண்ணம் மேலே, வெறுந்துணி உள்பக்கம். அன்று குழந்தை நனையாமல் தூங்கினான். பொய் சொல்வானேன், நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

மழை விட்டதும் இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை. ஒழுகாத கூரையை யாருக்குப் பிரிக்க மனம் வரும்? இன்னொரு மழை வந்தது, அதற்குப் பிறகு இரவுப் பனியும் பகல் வெயிலும். அம்மா வைத்த சுரைக்கொடி கூரையேறி படங்களின் மேல் படர்ந்து பூவும் விட்டது. இதுதான் நாங்கள் செய்த தப்பு. மழைக்கு எடுத்ததை யாரும் குறை சொல்ல முடியாது. மழைக்குப் பிறகும் விட்டுவைத்ததற்கு எங்களிடம் பதில் இல்லை.

தை மாதம் அண்ணன் வந்தார். கூடவே கண்காட்சிக்காரரும் காரில் வந்தார். கோணி எங்கே என்று அண்ணன் கேட்டார்.  நைனா கையை மேலே காட்டினார். அண்ணன் ஏணி போட்டு ஏறினார். நைனா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான்தான்டா எடுத்தேன், மய தாங்கல" என்று கீழிருந்தே சொன்னார். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தேன். அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். குழந்தையின் துணியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

அண்ணன் வெகுநேரம் மேலேயே இருந்தார். வண்ணமெல்லாம் வெடித்து, பாளம் பாளமாக உரிந்து, கொடியின் பற்றுக்கம்பிகள் வெடிப்புக்குள் புகுந்திருந்தன. கீழே இறங்கி வந்து முதலில் என்னைப் பார்த்தார்.

"கொயந்த நனையலியே?"

"நனையலண்ணா" என்றேன்.

பிறகு நைனாவிடம் திரும்பினார். "பெயிண்டு பக்கத்த உள்ளார போட்டிருக்கக் கூடாதா நைனா? படுத்துக்கினு நீங்களாவது பாத்திருப்பீங்க."

"உள்ளார போட்டா துணி தண்ணி குடிச்சிடும்டா" என்றார் நைனா. அவர் சொன்னதும் நியாயம்தான்.

கண்காட்சி மற்ற இரண்டு பேரின் படங்களோடு நடந்தது. அதில் ஒருவர் பெயரைச் சொன்னால் இன்று உங்களில் பலருக்குத் தெரியும். அண்ணன் ஊருக்கே திரும்பிவிட்டார். சில ஆண்டுகள் தூரிகையைத் தொடவில்லை. சுவர்களில் எழுத்து எழுதினார், செங்கல் சூளையில் ஆள் கணக்குப் பார்த்தார். என்னோடு பேசுவார், சிரிப்பார், என் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போவார். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்குத்தான் உள்ளே அறுத்தது. உறவுக்காரர்கள் அவரைப் பிழைக்கத் தெரியாத ஆள் என்றார்கள். என் வீட்டுக்காரரும் சொன்னார். அவருக்கு மட்டும் அன்று சோறு போடவில்லை. காரணம் கேட்டார், சொல்லவில்லை.

பிறகு சாலவாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர் வேலை கிடைத்தது. சைக்கிளில் போய் வந்தார். திருமணம் நடந்தது. அண்ணி சத்துணவுக் கூடத்தில் சமையலர். அண்ணனின் பீடியைத் தவிர வேறெதையும் அண்ணி குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஒரே மகள். திருமணமான இரண்டாம் ஆண்டு அண்ணன் மறுபடி வரைய உட்கார்ந்தார். அதே முதுகுகள், அதே கலங்கிய தண்ணீர். ஒன்று மட்டும் புதிது. முதல் படம் காய்ந்ததும் உத்திரமேரூரில் தார்ப்பாய் தைக்கும் கடைக்குப் போய்ப் பித்தளை வளையங்கள் வாங்கிவந்து, நான்கு மூலையிலும் சுத்தியால் அடித்து இறுக்கினார்.

"படத்துக்கு எதுக்கு வளையம்?" என்று அண்ணி கேட்டார்.

"மயைக்கு" என்றார் அண்ணன்.

அண்ணிக்குப் பழைய கதை தெரியாது. என்னிடம் வந்து இதைச் சொல்லிச் சிரித்தார். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அவர் வரைந்த ஒவ்வொரு படத்திலும் நான்கு வளையங்கள் உண்டு. விற்கத் தெரியாது, கேட்கவும் மாட்டார். கல்யாணம், காதுகுத்து, புது வீடு என்று எது நடந்தாலும் ஒரு படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்க் கொடுப்பார். மொய் வைக்காமல் துணியைக் கொண்டுவருகிறார் என்று கிண்டல் செய்தவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களிலேயே இருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக் கொத்தனார் மேஸ்திரி தனக்குக் கிடைத்த படத்தை ஆட்டுக் கொட்டகைக்கு மேலே கட்டிவிட்டு, அண்ணன் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் ஒளிந்துகொள்வார். ஒருநாள் மாட்டிக்கொண்டார். "ஏன் மேஸ்திரி பேஜாராவற? வளையம் பின்ன எதுக்குக் கீது? நல்லா இழுத்துக் கட்டு" என்றாராம் அண்ணன்.

கடைசிப் பத்தாண்டுகளில்தான் வெளியே கொஞ்சம் பேச்சு கிளம்பியது. அண்ணனிடம் பள்ளியில் படித்த ஒருவர் சென்னையில் ஓவியராகி, நாலு பேரிடம் சொன்னார். அதைக் கேட்டு ஓர் ஆய்வாளர் வந்தார். நல்ல மனிதர், நாங்கள் கொடுத்த கூழை முகம் சுளிக்காமல் குடித்தவர். வளையங்களைப் பற்றிக் கேட்டார். "கட்டறதுக்கு" என்று மட்டும் அண்ணன் சொன்னார். அவர் ஊருக்குப் போய், அந்த வளையங்கள் எங்கள் முன்னோர் பண்ணையில் கட்டுண்டு கிடந்ததன் அடையாளம் என்று நீளமாக எழுதிவிட்டார். அது தவறு என்று சொல்லுகிற படிப்பு எனக்கில்லை. கட்டுண்டு கிடந்ததும் உண்மைதானே. இப்போது சென்னையில் இளம் ஓவியர்கள் நான்கைந்து பேர் தங்கள் படங்களில் வளையம் அடிக்கிறார்களாம். மழைக்கு என்று அவர்களுக்கு யாராவது சொன்னால் நல்லது.

போன வருடம் புரட்டாசியில் அண்ணனுக்கு மூச்சுத் திணறல் அதிகமானது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். அங்கன்வாடி வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றிருந்ததால் பகலெல்லாம் கட்டிலருகில் இருப்பேன். ஒருநாள் அவர் கஞ்சி குடித்து முடித்ததும், மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னேன்.

"அண்ணா, அந்தப் படத்த நைனா எடுக்கல. வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் எடுத்தேன்."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது.

"நைனாவுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமா? ஏணி மேல ஏறி மொத மூலயப் பாத்தப்பவே தெரியும். சீமந்தத்துக்கு நான் எடுத்தாந்த பச்சத் துணி. எனக்குத் தெரியாதா?"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "தெரிஞ்சிக்கினேவா இத்தினி வருசம் இருந்த? ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன் இல்ல?"

"நீ சொல்லுவனு பாத்தேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தத் தையல்தான் நின்னுது. துணி கியிஞ்சும் மூல கியியல" என்றார். பாராட்டுகிறாரா, கிண்டல் செய்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் நைனாவை ஒருவரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்றுதான் தானே செய்ததாக ஊருக்குச் சொன்னார் என்பது அன்று புரிந்தது. என்னையும் சேர்த்துத்தான் காப்பாற்றியிருக்கிறார்.

தீபாவளி கழிந்த நான்காம் நாள் காலையில் அண்ணனின் மூச்சு நின்றது. அன்றும் மழை. பந்தல்காரர் கொண்டுவந்த தார்ப்பாய்கள் வந்தவர்களுக்கே போதவில்லை. மதியம் வரை பார்த்தோம், மழை விடுவதாக இல்லை. காலனி இடுகாட்டுக்கு வயல் வரப்பில்தான் போக வேண்டும், மேலே கூரை ஒன்றும் கிடையாது. அண்ணி எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த கடைசிப் படத்தைக் காட்டி, "அதக் கழட்டுங்க" என்றார்.

ஆய்வாளர் அங்கே இருந்தார். அந்தப் படத்தைச் சென்னையில் ஓர் அருங்காட்சியகத்தில் வைக்கத்தான் அவர் மாதக்கணக்காக அலைந்துகொண்டிருந்தார். "அம்மா, மழையில் வீணாகிவிடுமே" என்றார் மெதுவாக. அண்ணி அவர் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். ஆய்வாளரே போய்க் கழற்றிக்கொண்டு வந்தார். நான்கு வளையங்களிலும் நான்கு மூங்கில் கழிகளைக் கட்டினார்கள். மேஸ்திரி வழக்கம்போல வண்ணப் பக்கம் மேலே வரும்படி விரித்தார்.

"திருப்பிக் கட்டுங்கப்பா" என்றேன்.

"துணி தண்ணி குடிக்கும்க்கா."

"குடிக்கட்டும். பெயிண்டு உள்ளார இருக்கட்டும்."

திருப்பிக் கட்டினார்கள். நடவு நடும் முதுகுகளெல்லாம் அண்ணனைப் பார்த்துக் குனிந்திருந்தன. தூக்கினார்கள். எங்கள் வழக்கப்படி பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம்.

மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாகத் தன் ஆட்டோவில் நேரம் பாராமல் அழைத்துப்போன தம்பிக்கும், அண்ணன் வகுப்பை இன்றுவரை அவர் பெயர் சொல்லி நடத்தும் பள்ளி ஆசிரியர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைத் தங்கள் அடுப்பாக நினைத்துச் சமைத்துப்போட்ட காலனிப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த மலரைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தது அண்ணன் மகள். அருங்காட்சியகத்துக்காக அண்ணன் படங்களைத் தேடிக்கொண்டு உங்கள் வீடுகளுக்கு ஆள் வரலாம். கொடுப்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். கொட்டகையில் கட்டியிருந்தால் அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

கடைசியாக, அந்த மழையில் நான்கு மூலைகளையும் தாழவிடாமல் பிடித்துப்போன நால்வருக்கும் நன்றி. ஒருவர் மேஸ்திரி. வரப்பில் அவர் கால் வழுக்கி ஒரு மூலை சேற்றில் பட்டதைச் சொல்லி இன்னும் வருந்திக்கொண்டிருக்கிறார். அட்டையில் இருக்கும் கறை அதுதான், அது இருக்கட்டும். ஒருவர் அண்ணனிடம் படித்த சென்னை ஓவியர். ஒருவர் ஆய்வாளர், அரை மைலும் செருப்பில்லாமல் நடந்தார். நான்காவது மூலையைப் பிடித்தவன் என் மகன், பதினோரு நாள் குழந்தையாக அந்த ஒன்பது படங்களுக்கடியில் கிடந்தவன்.

அடக்கம் முடிந்து அவன் தெப்பலாக நனைந்து திரும்பி வந்தபோது வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"மாமா நனையலியேடா?"

"நனையலம்மா" என்றான்.